கூடலூர் கிழார்: வாழ்வும் அவர் படைத்த மாந்தரும்

ஆய்வுச் சுருக்கம்

சங்கப் புலவர் கூடலூர் கிழார் இலக்கிய வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் என்ற அளவிலேயே குறிக்கப்படுகின்றார். அவர் பாடியனவாக இன்று கிடைப்பவை குறுந்தொகையில் மூன்று பாடல்களும் (166, 167, 214) புறநானூற்றில் ஒரு பாடலும் (229) ஆகும். இந்நான்கு பாடல்களையும், அவற்றின் அடிக்குறிப்புகளையும், தொகுப்புப் பணி பற்றிய செய்தியையும், தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல் சான்றையும் கொண்டு அவருடைய வாழ்வை இக்கட்டுரை கட்டமைக்கின்றது. பெயர் சுட்டப்படாத அகமாந்தர் உயிருள்ளவராகத் தோன்றுவதற்கு அவர் கையாண்ட முறை, காண்போர் காணக்கூடிய எல்லைக்குள் நின்று உணர்வைக் காட்டுவதே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கூடலூர் கிழார், ஐங்குறுநூறு, மெய்ப்பாடு, செவிலி கூற்று, மாந்தர்ப் படைப்பு, புலிமான்கோம்பை.

முன்னுரை

சங்கப் புலவர் ஒருவரின் வாழ்க்கையை எழுத முற்படும் ஆய்வாளர் முன் இரண்டு இடர்கள் உள்ளன. ஒன்று சான்றுகளின் சுருக்கம். மற்றொன்று, அச்சுருக்கத்தை ஊர்ப்பற்றும் கற்பனையும் கொண்டு நிரப்பிவிடும் ஆர்வம். கூடலூர் கிழாரைப் பொறுத்தவரை இவ்விரண்டாம் இடர் கூடுதலாக உண்டு. கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடியில், குமுளி மலைப்பாதையின் அடிவாரத்தில் இன்றும் கூடலூர் என்னும் பெயருடன் ஓர் ஊர் உள்ளது. அவ்வூரார் புலவரைத் தம்மவராகக் கருதுவது இயல்பே. அக்கருத்து எந்த அளவிற்கு ஏற்கத்தக்கது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

அகப்பாடலில் வரும் மாந்தருக்குப் பெயர் சூட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. பெயரும் குடியும் ஊரும் இல்லாத ஒரு பெண், ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் வாசிப்பவருக்கும் தாம் அறிந்த ஒருத்தியாகத் தோன்றுவது எவ்வாறு என்பது புனைவிலக்கியம் முழுவதற்கும் பொதுவான வினா. புலனெறி வழக்கம் நாடகத் தன்மையும் உலகியல் தன்மையும் இணைந்தது என்று தொல்காப்பியர் வகுத்தமை இவ்வினாவிற்கு இலக்கண நூலார் அளித்த விடை. அவ்விடை செய்யுளில் எவ்வாறு செயற்படுகின்றது என்பதைக் கூடலூர் கிழாரின் பாடல்கள் காட்டுகின்றன.

1. ஊரும் சான்றும்

கூடலூர் என்னும் பெயர் தமிழகத்தும் கேரளத்தும் பல ஊர்களுக்கு வழங்குகின்றது. நீலகிரி மாவட்டத்திலும் அப்பெயருடைய ஊர் உண்டு. ஆற்றுநீர் கூடும் இடங்களில் இப்பெயர் எளிதாகத் தோன்றக்கூடும். ஆதலின் பெயரொற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு புலவரின் ஊரை உறுதி செய்தல் இயலாது. புலவர் சேர மன்னனைச் சார்ந்திருந்தமையால் அவ்வூரை மலைநாட்டிற்குரியதாகக் கொள்வாரும் உளர்.

இச்சிக்கலில் 2006ஆம் ஆண்டு கிடைத்த ஒரு சான்று புதிய கவனத்தை வேண்டுகின்றது. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழுவினர் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் பட்ட அந்தவன் என்பவனுக்கு எடுக்கப்பட்டது. புறத்திணையில் வெட்சிப் பகுதியாக இலக்கணம் கூறும் ஆநிரை கவர்தல், ஊர்ப்பெயருடன் கல்லில் பதிவாகியுள்ளது. வைகைச் சமவெளி மக்கள் கூடலூர் என்ற பெயருடைய ஓர் ஊரைப் பழங்காலத்திலேயே அறிந்திருந்தனர் என்பதற்கு இக்கல் சான்றாகின்றது. புலவர் பிறந்த ஊர் இதுவே என்று கல் கூறவில்லை. எனினும் கம்பம் பள்ளத்தாக்குக் கூடலூரைக் கருத்தில் கொள்ளாது விடுவதற்கு இனிக் காரணம் இல்லை. சேர நாட்டிற்கும் பாண்டிய நாட்டிற்கும் இடைப்பட்ட மலைவழியின் வாயிலில் அவ்வூர் அமைந்திருப்பதும், பாண்டிய நாட்டு எல்லையில் பிறந்த ஒருவர் சேரன் அவையை அடைந்தமைக்குப் பொருந்துவதாகும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. இன்றைய கூடலூரைச் சூழ்ந்துள்ள இருபோக நெல்வயல்கள் 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்து இப்பள்ளத்தாக்கிற்குத் திருப்பப்பட்ட பின்னர் விரிவடைந்தவை. அந்நிலக்காட்சியைச் சங்கப் புலவரின் கண்முன் வைத்துப் பாடல்களுக்குப் பொருள் காண்பது பிழையாகும்.

2. கிழாரும் கல்வியும்

கிழார் என்பது நிலத்திற்கு உரிமையுடையவரைக் குறிக்கும் பெயர். கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், குறுங்கோழியூர் கிழார் எனச் சங்கத் தொகைகளில் ஊர்ப்பெயருடன் இச்சொல்லை ஏற்ற புலவர் பலர். பரிசிலை மட்டுமே நம்பி வாழ்ந்த பாணரினும் பொருநரினும் வேறுபட்ட நிலை இவர்களுடையது. வேளாண் குடியின் அன்றாடத்தை உள்ளிருந்து அறிந்தவர்கள் இவர்கள். கூடலூர் கிழாரின் அகப்பாடல்களில் தயிரும் தாளிப்பும் தினைப்புனமும் இடம்பெறுவதற்கு இவ்வறிவு துணைநின்றது எனலாம்.

ஐங்குறுநூற்றின் இறுதிக் குறிப்பு இவரைப் புலத்துறை முற்றியவர் என அடைகொடுத்துச் சுட்டுகின்றது. அறிவுத் துறைகள் பலவற்றில் முதிர்ந்தவர் என்பது அவ்வடையின் பொருள். இது வெறும் புகழ்ச்சியன்று என்பதைப் புறநானூற்றுப் பாடல் மெய்ப்பிக்கின்றது. பங்குனி மாதத்து நள்ளிரவில் எந்த நாண்மீன் உச்சியினின்று சாய்ந்தது, எது எதிரே எழுந்தது, எது மேற்றிசையில் மறைந்தது என்று அப்பாடல் வரிசைப்படுத்துகின்றது. பழைய உரைகாரர் அவற்றை முறையே உத்தரம், மூலம், மிருகசீரிடம் எனக் கொள்வர். வானத்தை நெடுங்காலம் நோக்கிப் பழகிய ஒருவரே இவ்வாறு பாட முடியும்.

3. சேரன் அவை

கூடலூர் கிழாரை ஆதரித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இவனைக் குறுங்கோழியூர் கிழாரும் பாடியுள்ளார் (புறம். 17, 20, 22). தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனிடம் சிறைப்பட்டு, பின்னர் அச்சிறையினின்று தப்பி அரசுகட்டில் ஏறியவன் இம்மன்னன். குழியில் வீழ்ந்த களிறு கரையைக் குத்தித் தூர்த்து வெளியேறி இனத்துடன் சேர்ந்தமைக்கு அந்நிகழ்வைக் குறுங்கோழியூர் கிழார் ஒப்பிடுகின்றார்.

வெற்றியை மட்டும் கண்ட மன்னனல்லன் இவன். இழப்பை அறிந்து மீண்டவன். போரும் சிறையும் கண்ட இவனே அகப்பாடல் தொகை ஒன்றைத் தொகுப்பித்தான் என்பது எண்ணத்தக்கது. தன் புகழைப் பாடும் புறப்பாடல்களைத் தொகுக்குமாறு அவன் பணித்ததாகச் செய்தியில்லை. பெயரில்லாத் தலைவன் தலைவியரின் வாழ்வைத் தொகுக்கும் பணியே கூடலூர் கிழாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

4. தொகுத்தவரின் நோக்கு

ஐங்குறுநூறு திணைக்கு நூறாக ஐந்நூறு பாடல்களைக் கொண்டது. மருதம் ஓரம்போகியாராலும், நெய்தல் அம்மூவனாராலும், குறிஞ்சி கபிலராலும், பாலை ஓதலாந்தையாராலும், முல்லை பேயனாராலும் பாடப்பட்டவை. மூன்றடிச் சிறுமையும் ஆறடிப் பெருமையும் உடைய இப்பாடல்கள் பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பத்தும் தனிப்பெயர் பெற்றுள்ளது. உ.வே. சாமிநாதையர் 1903இல் இதனைப் பழைய உரையுடன் பதிப்பித்தார்.

பொருந்தில் இளங்கீரனார் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடிய பாடல் (புறம். 53) கபிலர் அப்போது உயிருடன் இல்லாமைக்கு வருந்துகின்றது. அம்மன்னனும் யானைக்கட்சேயும் ஒருவனே எனக் கொள்வோமாயின், குறிஞ்சி நூறு மறைந்துவிட்ட ஒரு பெரும்புலவரின் படைப்பாகவே தொகுத்தவரின் கைக்கு வந்தது என்றாகும்.

இத்தொகையில் திணைகள் நிற்கும் வரிசை மருதத்தில் தொடங்கி முல்லையில் முடிகின்றது. ஊடலுக்குரிய திணை முன்னும் இருத்தலுக்குரிய திணை பின்னும் வைக்கப்பட்டுள்ளன. முல்லையின் இறுதிப் பத்து, பிரிந்த தலைவனின் வரவைச் சிறப்பிப்பது. ஐந்நூறு பாடல்களையும் ஒருசேரப் படிப்பவர் மனக்கசப்பில் தொடங்கி இல்லம் திரும்புதலில் நிறைவுறுகின்றார். ஒரே மாந்தர் பத்துப் பாடல்களில் பத்துக் கோணங்களில் தோன்றும்போது, ஒரு பாடலில் கூற்று நிகழ்த்துவோர் என்ற அளவில் நின்றவர் நிலையான ஒரு மனிதராகத் திரள்கின்றனர். முல்லை நூற்றின் முதற்பகுதியாகிய செவிலி கூற்றுப் பத்து (401-410) இதற்கு நல்ல சான்று. மகளின் புகுந்த வீட்டிற்குச் சென்று திரும்பிய செவிலி, அங்குக் கண்ட இல்லறத்தைத் தாய்க்குச் சொல்லும் சூழலில் அமைந்தது அப்பத்து. இதே சூழலில்தான் கூடலூர் கிழாரும் தம்முடைய புகழ்பெற்ற பாடலைப் படைத்துள்ளார்.

5. அட்டிலில் நிற்கும் பெண்

குறுந்தொகை 167ஆம் பாடல் முல்லைத் திணையைச் சார்ந்தது. மணமகளின் இல்லத்திற்குச் சென்று வந்த செவிலி நற்றாய்க்கு உரைக்கும் கூற்றாக அமைந்தது. முற்றிய தயிரை மென்விரலால் பிசைந்த பெண், கறைபட்ட ஆடையைத் துவைக்க நேரமின்றி உடுத்தியிருக்கின்றாள். தாளிப்புப் புகை மையுண்ட கண்களில் நிறைகின்றது. அவள் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது எனக் கூறி உண்கின்றான். அவளுடைய முகம் நுட்பமாக மகிழ்கின்றது. பாடல் அங்கேயே முடிந்துவிடுகின்றது.

இப்பாடலைப் பெண்ணின் இல்லறக் கடமைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் கற்பிக்கும் வழக்கம் உண்டு. கணவனின் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும் பெண்ணைப் போற்றுகின்றது என்று இதனை மறுத்து வாசிப்பாரும் உளர். இவ்விரு வாசிப்புகளும் அவளை ஒரு கருத்தின் வடிவமாகவே காண்கின்றன. பாடலோ அவளை ஒரு தனிமனிதராகக் காட்டுகின்றது.

முதலாவது, மகிழ்ச்சிக்குரிய இடமாகப் புலவர் சுட்டுவது அவள் உள்ளத்தை அன்று, முகத்தை. பேசுபவள் செவிலி. அவளால் பார்க்க முடிந்தது முகம் மட்டுமே. உள்ளத்தில் நிகழ்ந்ததை அறிந்தவள்போல் அவள் பேசியிருந்தால் அது புலவரின் குரலாகிவிடும். கூற்று நிகழ்த்துவோரின் காட்சி எல்லையைப் புலவர் மீறவில்லை. இரண்டாவது, அம்மகிழ்ச்சியின் அளவு. வளர்த்தவளைத் தவிரப் பிறர் கண்டிருக்க முடியாத சிறு மாற்றம் அது. அதனைக் கண்டதனாலேயே கேட்கும் தாய்க்குச் செவிலியின் சொல்லில் நம்பிக்கை பிறக்கின்றது, படிப்பவருக்கும் அவ்வாறே. ஒரு மாந்தரின் உணர்வைச் சொல்லும்போதே அவ்வுணர்வைக் கண்டவளின் அன்பையும் புலவர் நிறுவிவிடுகின்றார். மூன்றாவது, தானே சமைத்தாள் என்பதில் உள்ள அழுத்தம். பிறர் சமைக்கத் தான் உண்டு வளர்ந்த இல்லத்திலிருந்து வந்தவள் அவள் என்பது அவ்வழுத்தத்தால் பெறப்படுகின்றது. கண்ணீர் வரவழைக்கும் புகையும் கழுவாத ஆடையும் பழக்கமின்மையின் அடையாளங்கள். அவளுடைய கடந்த காலம் முழுவதும் இவ்விரு குறிப்புகளில் அடங்கியுள்ளது.

தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் உவகையே இங்கு வருவது. மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்ச்சி உடலின்வழிப் புலப்படுதல். உவகை என்ற பெயரைச் சொல்லி உவகையைக் காட்ட இயலாது என்பதை இலக்கணம் விதியாகச் சொன்னது. அதனைத் தயிர் படிந்த விரலிலும் ஓர் ஆடையிலும் முகத்தின் மெல்லிய அசைவிலும் செய்துகாட்டியவர் கூடலூர் கிழார்.

6. ஊரார் காணாதது

குறுந்தொகை 214ஆம் பாடலிலும் காட்சி எல்லையே பொருளாகின்றது. தினைப்புனம் காக்கும் குறமகளுக்குத் தலைவன் தழையாடை தந்துள்ளான். அத்தழைக்காக அசோக மரம் அடியோடு வெறுமையாகிவிட்டது. ஊராரோ அவளுடைய மெலிவிற்குத் தெய்வத்தைக் காரணமாக்கி, வெறியாட்டெடுத்து, அலரி மாலை சூட்டி மயங்குகின்றனர். வெறியாட்டு நிகழும் இடத்துத் தோழி இதனை எடுத்துரைத்து அறத்தொடு நிற்கின்றாள். மொட்டையாய் நிற்கும் மரம் எல்லோர் கண்முன்னும் உள்ளது. அதனைப் பார்த்தும் பொருள் உணராத ஊரும், உணர்ந்த தோழியும் எதிரெதிரே நிற்கின்றனர். தலைவி பேசவில்லை. அவள் காதலின் அளவை இலையிழந்த மரம் சொல்லிவிடுகின்றது.

166ஆம் பாடல் நெய்தல் திணையில் அமைந்தது. இற்செறிப்பு மிகுந்த நிலையில் தோழி பேசுவதாகக் கொள்ளப்படுவது. அலை பெயரும் கடற்கரையில் நாரைக்கூட்டம் இடம்மாறிச் சென்று அயிரை மீனை உண்ணும். அத்தகைய மரந்தை நல்ல ஊர்தான். தனித்துத் தங்கினால் மட்டும் அது வருத்தம் தருவதாகிவிடுகின்றது. துயரை மிகைப்படுத்தாமல், ஊரின் நன்மையை முதலில் ஒப்புக்கொண்டு பின் குறையைச் சொல்லும் இம்முறை உண்மையான பேச்சின் இயல்பிற்கு மிக அணுக்கமானது. மரந்தை சேரர்க்குரிய கடற்கரை ஊர். வேளாண் குடியினராகிய புலவர் சேர நாட்டின் கடற்கரையையும் அறிந்திருந்தார் என்பதற்கு இப்பாடல் சான்று. மூன்று பாடல்களும் மூன்று திணைகளைச் சார்ந்தவை என்பதும், மூன்றிலும் தலைவி வாய்திறக்கவில்லை என்பதும் ஒருங்கு நோக்கத்தக்கவை.

7. மற்றொரு கூடலூர்ப் புலவர்

நற்றிணை 380ஆம் பாடலைப் பாடியவர் கூடலூர்ப் பல்கண்ணனார். இவ்விரு புலவர்களும் ஒரே கூடலூரினரா என்பதைப் பெயரைக் கொண்டு மட்டும் முடிவு செய்தல் கூடாது. ஆயினும் பாடல்களுக்கிடையே உள்ள உறவு குறிப்பிடத்தக்கது. பரத்தையரிடம் சென்ற தலைவனுக்காக வாயில் வேண்டி வந்த பாணனைத் தோழி மறுக்கின்றாள். நெய்யும் தாளிப்புப் புகையும் பட்டு ஆடை அழுக்கடைந்துள்ளது. மகனை அணைத்ததால் தோள் பால் மணக்கின்றது. ஒளிமிக்க அணிகலன் பூண்ட மகளிரின் சேரியில் திரிபவனுக்கு நாங்கள் ஏற்றவர் அல்லர் என்பது அவள் விடை.

கூடலூர் கிழாரின் பாடலில் புதுமணத்தின் பெருமிதமாக நின்ற கறைபட்ட கலிங்கம், பல்கண்ணனாரின் பாடலில் புறக்கணிக்கப்பட்ட தாய்மையின் சினமாக மாறுகின்றது. பொருள் ஒன்றே, அதனை உடுத்தியவளின் நிலை மாறியதும் உணர்வும் மாறுகின்றது. இவ்விரு பாடல்களையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது ஒரு பெண்ணின் இல்வாழ்வில் இரண்டு நாள்களைக் கண்டதுபோன்ற நிறைவு ஏற்படுகின்றது. இருத்தலின் இனிமையை மட்டும் பாடுவதாக 167ஆம் பாடலைக் குறைகூறுவோர்க்கும் இவ்விணைவாசிப்பு விடையாகும். முதற்பாடலின் மெல்லிய மகிழ்ச்சி உடையக்கூடியது என்பதை இரண்டாம் பாடல் உணர்த்துகின்றது.

8. மீன் வீழ்ந்த இரவு

கூடலூர் கிழாரின் வாழ்வில் நாள் குறிக்கும் அளவிற்குத் தெளிவாகத் தெரியும் ஒரே நிகழ்வு அவருடைய மன்னனின் இறப்பு. பங்குனித் திங்களில், கார்த்திகை நாளின் நள்ளிரவில், வானிலிருந்து ஒரு மீன் நெருப்புப் பரப்பி வீழ்ந்தது. அது அரசனுக்குத் தீங்கு என்பது அக்கால நம்பிக்கை. புலவரும் பிற இரவலரும் அதனைக் கண்டு, மன்னன் நோயின்றி இருந்தால் நன்று என நெஞ்சழிந்து அஞ்சினர். ஏழாம் நாள் மன்னன் இறந்தான்.

பொதுவியல் திணையில் ஆனந்தப்பையுள் துறையாக வகுக்கப்பட்ட இப்பாடலில் புலவர் தாமே ஒரு மாந்தராகின்றார். வானநூல் கற்றவர் தம் கல்வி பொய்க்க வேண்டும் என்று ஏங்கியவாறு ஆறு நாள்களைக் கழித்திருக்கின்றார். அவ்வேக்கம் பாடலில் ஒரு சிறு விருப்பமாகவே இடம்பெறுகின்றது. நாண்மீன்களின் நிலையை அத்துணைக் கணக்காகச் சொன்ன அறிவு, அச்சத்தைத் தணிக்க உதவவில்லை என்பதே பாடலின் துயரம்.

இறப்பைச் சொல்லும் முறையும் அகப்பாடல்களில் கண்ட முறையே. தம் அழுகையை அவர் பாடவில்லை. வலிய யானை துதிக்கையை நிலத்தில் இட்டு உறங்குகின்றது. முரசு கண் கிழிந்து உருள்கின்றது. வெண்குடை காம்பொடிந்து கிடக்கின்றது. விரைந்தோடும் குதிரைகள் ஓட்டமின்றி நிற்கின்றன. பேசமுடியாத இவற்றின்மேல் துயரத்தை வைத்தபின், மேலுலக மகளிர்க்குத் துணையானவன் தன் சுற்றத்தை மறந்துவிட்டானோ என்னும் வினா எழுகின்றது. தொகுத்தவர் என்ற பெயரும் தொகுப்பித்தவன் என்ற பெயரும் ஐங்குறுநூற்றின் இறுதியில் அருகருகே நிற்பதை அறிந்தவர்க்கு, அவ்வினா மரபுவழிப்பட்ட கையறுநிலைக் கூற்றாக மட்டும் தோன்றாது.

முடிவுரை

கூடலூர் கிழார் ஊர்ப்பெயரும் குடிநிலையும் கொண்டு அறியப்பட்டவர். வானியலில் பயிற்சி மிக்கவர். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் விருப்பப்படி ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர். அம்மன்னனின் இறப்பைக் கண்டு பாடியவர். புலிமான்கோம்பை நடுகல்லின் துணையால் கம்பம் பள்ளத்தாக்குக் கூடலூர் அவருடைய ஊராக இருந்திருக்கும் வாய்ப்பு வலுப்பெறுகின்றது. அதனை உறுதியான முடிவாக்கக் கூடுதல் சான்று வேண்டும்.

மாந்தர்ப் படைப்பில் அவர் முறையை மூன்றாகத் தொகுக்கலாம். உணர்வைக் காண்பவர் எவ்வளவு காணமுடியுமோ அவ்வளவே சொல்லுதல். தொழிலிலும் பொருளிலும் உணர்வை வைத்தல். மாந்தரை முழுமையாக விளக்கிவிடாது நிறுத்துதல். பெயர் சுட்டாமை என்னும் அகமரபு இவருக்குத் தடையாக அமையவில்லை. பெயருக்குப் பதிலாக அவர் ஒரு கையின் அசைவைத் தந்தார். இன்றைய சிறுகதை, புதினம் ஆகியவற்றின் மாந்தரை ஆராயும் திறனாய்வு மேலைக் கோட்பாடுகளுடன் மெய்ப்பாட்டியலையும் செவிலி கூற்று மரபையும் அளவுகோலாகக் கொள்ளுதல் பயன்தரும். நான்கு பாடல்களே எஞ்சிய ஒரு புலவரைத் தொகுப்பாசிரியர் என்ற ஒற்றை வரியில் முடித்துவிடும் இலக்கிய வரலாற்று வழக்கமும் மாற வேண்டும்.